பள்ளி லீவும் காட்டு சீசனும்: வாசகர் கேள்விகள்

கானுலாவும் மலையேற்றமும் பற்றிக் கேளுங்கள் என்று சென்ற இதழில் அறிவித்ததும், 'எந்த மாதம் போகலாம்?' என்ற கேள்விதான் கட்டுக்கட்டாக வந்திருக்கிறது. ஆனைமலைப் பக்கம் வனவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்தக் கேள்விக்கு ஒற்றை மாதத்தைப் பதிலாகச் சொல்ல என்னால் முடியாது. எதைப் பார்க்க ஆசை என்று முதலில் முடிவு செய்யுங்கள். அந்த விலங்குக்கு அந்த மாதத்தில் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் தேதி தானாக வந்துவிடும். கீழே உள்ள பதில்களையும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

திருப்பூர் வாசகர்: ஐயா, எங்களுக்கு பனியன் கம்பெனி வேலை. பிள்ளைகளுக்கு லீவு விடும் மே மாதம்தான் நாங்களும் நாலு நாள் நகர முடியும். முதுமலை போகலாம் என்கிறேன். மே மாதம் காடு காய்ந்து கிடக்கும், போய் என்ன பார்ப்பாய் என்கிறார் மைத்துனர். யார் சொல்வது சரி?

பதில்: தாராளமாகப் போங்கள். காடு காய்ந்து கிடப்பதுதான் உங்களுக்கு வசதி. முதுமலையில் பெரும்பகுதி இலையுதிர் காடு. தேக்கும் வெக்காலியும் பிப்ரவரி, மார்ச்சில் மொட்டையாக நிற்கும். மழைக்காலத்தில் உண்ணிச்செடிப் புதருக்குள் யானை நின்றால் பத்தடி தூரத்தில்கூடத் தெரியாது. கோடையில் அதே இடத்தில் கண் நெடுந்தூரம் போகும். சின்னக் குட்டைகள் வற்றிவிடுவதால் மாயாறு மாதிரி வற்றாத தண்ணீரைத் தேடித்தான் எல்லா விலங்கும் வந்தாக வேண்டும். வளர்ந்த யானை ஒன்று நாளொன்றுக்கு 100 லிட்டருக்கு மேல் குடிக்கும். அது தண்ணீரை விட்டு அதிக தூரம் விலகி இருக்காது.

வறண்ட ஓடையில் யானை ஊற்றுத் தோண்டுவதைப் பார்க்க வாய்த்தால் அதைவிடப் பெரிய காட்சி இல்லை. முன்காலால் மணலைக் கிளறி, தும்பிக்கையால் வாரி ஓரமாக ஒதுக்கும். குழியில் ஊறும் தண்ணீர் முதலில் கலங்கலாக இருக்கும். அவசரப்படாமல் தெளியும்வரை நின்று, பிறகுதான் உறிஞ்சும். பெரிய யானை குடிக்கும்போது குட்டி காலுக்கடியில் நுழைந்து குழியையே மிதித்துவிடும். தாய் மறுபடி தோண்டும். யானைக் கூட்டம் நகர்ந்த பிறகு அந்தக் குழிக்கு மான் வரும், காட்டுப்பன்றி வரும், பறவை வரும். காய்ந்த காட்டில் இத்தனை உயிர்களுக்குக் கிணறு வெட்டிக் கொடுப்பது யானைதான். உங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கூட்டிப்போங்கள்.

ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் இடியோடு கோடைமழை வரும். இரண்டு மழை விழுந்ததும் தரையெல்லாம் புதுப்புல். புள்ளிமானும் காட்டுமாடும் கூட்டம் கூட்டமாகச் சாலையோரம் வந்து மேயும். மைத்துனரிடம் இதையும் சொல்லுங்கள்.

யானைதான் முக்கியம் என்றால் இன்னும் கொஞ்சம் தள்ளி, கர்நாடகத்தில் உள்ள கபினி. அங்கே அணை கட்டியதால் உண்டான நீர்ப்பரப்பு கோடையில் உள்வாங்கும். தண்ணீர் விலகிய கரையில் பசும்புல் முளைக்கும். பந்திப்பூர், நாகரஹொளே, வயநாடு, நம் முதுமலை என்று நாலாபக்கமும் குட்டைகள் வற்றியதும் யானைகள் அந்தப் புல்லுக்கும் தண்ணீருக்கும் வந்து கூடும். மார்ச் முதல் மே வரை இதுதான் நிலை. ஜூனில் வயநாட்டில் மழை பிடித்ததும் அணை ஏறும், கரை முழுகும், யானைகள் கலைந்துவிடும். கோடைமழை முந்திக்கொண்டால் முன்னதாகவே கலையும் என்பதால், மே கடைசி வாரத்தைவிட முதல் வாரம் நல்லது.

வண்டி எடுப்பதற்கு முன் சில விஷயங்கள். நீலகிரி மாவட்டத்துக்குள் வெளியூர் வண்டி நுழைய 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும். மே மாதம் ஊட்டி மலர்க் கண்காட்சிக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும் என்பதால், சனி ஞாயிறைத் தவிர்த்து வார நாட்களில் போங்கள். பந்திப்பூர் வழியாக மைசூர் போகும் சாலை இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை மூடியிருக்கும். காட்டுத்தீ, வறட்சி, ஊருக்குள் புலி வந்த பிரச்சினை என்று ஏதாவது காரணத்தால் கானுலாவை நிறுத்திவைக்கும் நாட்களும் உண்டு. புறப்படும் முன் வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மசினகுடிப் பக்கம் 'ராத்திரி சஃபாரி' என்று யாராவது ஜீப்போடு வந்து நின்றால் ஏறாதீர்கள். அது சட்டவிரோதம். இருட்டில் முகத்தில் லைட் அடித்தால் குட்டியோடு நிற்கும் யானை என்ன செய்யும் என்பது காட்டில் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகளோடு அந்த வண்டியில் நீங்கள் இருக்கக் கூடாது.

மதுரை வாசகர்: நண்பர்கள் சேர்ந்து மார்ச் கடைசி வாரம் தேனிப் பக்கம் மலையேறத் திட்டம் போட்டோம். வனத்துறையின் இணையதளத்தில் எந்தப் பாதையும் திறந்திருப்பதாகக் காட்டவில்லை. ஆனால் ஒரு தனியார் குழு, 'பர்மிஷனை நாங்க பாத்துக்கிறோம்' என்கிறது. நம்பிப் போகலாமா?

பதில்: போகாதீர்கள் தம்பி. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. அதே தேனி மாவட்டம், குரங்கணி. மலையேற்றம் முடித்துக் கீழே இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் உங்கள் வயதுப் பிள்ளைகள்.

என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். நம் கிழக்குச் சரிவுகளில் ஐப்பசி, கார்த்திகை மழையில் புல் ஆளுயரம் வளரும். போதைப்புல் என்று ஒன்று உண்டு. கசக்கினால் எலுமிச்சை வாசம் அடிக்கும், அத்தனையும் எண்ணெய். மாசி, பங்குனியில் அது காய்ந்துவிடும். பகலில் காற்று பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏறும். தீயும் அதோடு ஏறும். கீழே எரியும் தழல் மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே சூடேற்றி வைத்துவிடுவதால், சரிவில் தீயின் வேகம் சமதரையைவிடப் பல மடங்கு. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேட்டில் ஓடும் மனிதனால் அதை முந்த முடியாது. புகையில் திசையும் தெரியாது.

இந்த மாதங்களில் ஒவ்வொரு பீட்டிலும் (ஒரு வனக்காப்பாளர் பொறுப்பில் உள்ள காட்டுப் பகுதி) வேட்டைத் தடுப்புக் காவலர்கள் தீத்தடுப்புக் கோட்டிலேயே கிடப்பார்கள். தையிலேயே கோடு வெட்டிச் சருகைக் கூட்டிவிட்டு, புகை எங்கே கிளம்புகிறது என்று பாறை மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். பச்சைக் குழையை ஒடித்து அடித்து அணைப்பதுதான் இன்றும் முதல் ஆயுதம். அனுமதி இல்லாமல் ஒரு குழு உள்ளே இருந்தால், தீயை விட்டுவிட்டு உங்களைத் தேடி அவர்கள் ஓட வேண்டும். அவர்கள் உயிரும் உயிர்தான்.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் 40 மலையேற்றப் பாதைகளை இணையவழிப் பதிவோடு திறந்தது. உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்களே வழிகாட்டிகள். அந்தப் பாதைகளுக்கும் பிப்ரவரி பாதியிலிருந்து ஏப்ரல் பாதிவரை தீக்காலம் என்று விடுப்பு விடுகிறார்கள். என் கணக்கில் நம் மலைகளுக்கு ஏற்ற காலம் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி முதல் வாரம்வரை. வடகிழக்கு மழை ஓய்ந்திருக்கும், ஓடையில் தண்ணீர் ஓடும், புல் இன்னும் பச்சையாக இருக்கும். நவம்பரில் போகாதீர்கள், காலையில் முழங்கால் அளவு தாண்டிய ஓடை மாலையில் திரும்பும்போது கழுத்தளவு வந்து நிற்கும்.

மார்ச்சில்தான் லீவு என்றால் கடற்கரைக்குப் போங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் சென்னைக் கரையில் முட்டையிடும். மாணவர்கள் 1988 முதல் நடத்திவரும் ஆமை நடை இருக்கிறது. வார இறுதி இரவுகளில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர்வரை மணலில் நடந்து முட்டைகளைத் தேடுவார்கள். தூக்கம் கெடும், கால் வலிக்கும், உங்கள் குழுவுக்கு அந்தச் சாகசம் நிச்சயம் பிடிக்கும்.

லண்டன் வாசகி: ஐயா, ஓகஸ்டில் பிள்ளைகளோடு யாழ்ப்பாணம் போகிறோம், நல்லூர்த் திருவிழாவுக்கு. திரும்பும் வழியில் காட்டுக்குக் கூட்டிப்போகக் கேட்கிறார்கள். எல்லோரும் யால, யால என்கிறார்கள். ஓகஸ்டில் சரிவருமா? கடலில் திமிங்கிலமும் பார்க்கலாமா?

பதில்: அம்மா, உங்கள் பயணம் வடக்கிலிருந்து தொடங்குகிறது. தென்கிழக்கு மூலையில் இருக்கும் யாலவுக்காகப் பிள்ளைகளை அத்தனை தூரம் உட்கார வைக்க வேண்டாம். ஆகஸ்டில் இலங்கையின் உலர்வலயத்தில் பார்க்க வேண்டியது மின்னேரியா. மகாசேன மன்னன் காலத்துக் குளம் அது. மழையில்லாத மாதங்களில் தண்ணீர் வடிய வடிய, குளத்தின் அடித்தரையில் புல் முளைக்கும். சுற்றுக்காடு காய்ந்ததும் யானைகள் அந்தப் புல்லுக்கு வரும். ஆகஸ்ட், செப்டம்பர் சாயங்காலங்களில் நூற்றுக்கணக்கில் கூடும். கபினியைப் பற்றித் திருப்பூர் அன்பருக்கு எழுதியதுதான் இங்கேயும், மாதம்தான் வேறு.

ஆனால் ஒன்று. பாசனத் தேவைக்காகக் குளத்தில் தண்ணீரை உயரமாக நிறுத்திவைக்கும் வருஷங்களில் புல்தரை முழுகிவிடும். அப்போது யானைகள் பக்கத்துக் கவுடுல்லைக்குப் போய்விடும். அதனால் பூங்காவை முன்னாலேயே முடிவு செய்யாதீர்கள். ஹபரணையில் தங்கி, அன்று மதியம் எந்தப் பக்கம் யானை நிற்கிறது என்று ஜீப்காரரிடமும் கேளுங்கள், விடுதிக்காரரிடமும் கேளுங்கள். இரண்டு பேரும் ஒரே இடத்தைச் சொன்னால் அங்கே போங்கள்.

யாலவுக்குத் தனியாக இன்னொரு முறை வாருங்கள். அங்கே முதலாம் பிரிவை வழக்கமாக செப்டம்பர் தொடக்கத்திலிருந்து அக்டோபர் பாதிவரை வறட்சிக்காக மூடிவிடுவார்கள். கரடி பார்க்க ஆசை என்றால் ஜூன், ஜூலை. பாலைப்பழம் பழுக்கும் காலம் அது. மற்ற நாளில் கண்ணிலேயே படாத கரடி, மஞ்சள் பழத்துக்காகப் பட்டப்பகலில் மரத்தில் ஏறி, கிளையை வளைத்து வாயால் உருவித் தின்றுகொண்டிருக்கும். கீழே விழுந்த பழத்துக்கு மானும் பன்றியும் வரும். பாலைப்பழத்தின் பிசுபிசுப்பு உதட்டில் ஒட்டிய நினைவு உங்கள் அம்மாவுக்கோ அம்மம்மாவுக்கோ இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

திமிங்கிலத்துக்கு மிரிஸ்ஸ பக்கம் வேண்டாம். ஆகஸ்டில் தெற்குக் கடல் கொந்தளிப்பாக இருக்கும், அங்கே டிசம்பர் முதல் ஏப்ரல் வரைதான் சீசன். கிழக்குக் கடல் ஆகஸ்டில் அமைதி. திருகோணமலையில் படகு எடுங்கள். புறாத்தீவில் பிள்ளைகள் முகமூடி போட்டுப் பவளப்பாறைகளைப் பார்க்கலாம். பாறை மேல் காலை மட்டும் வைக்க விடாதீர்கள். பவளம் உயிருள்ளது, மிதித்தால் செத்துவிடும்.

திருச்சி வாசகி: எனக்கும் என் கணவருக்கும் ஜூலையில்தான் லீவு. வால்பாறை போகலாம் என்றால், 'கொட்டுகிற மழையில் அட்டைக் கடி வாங்கவா?' என்று வீட்டில் எல்லோரும் தடுக்கிறார்கள்.

பதில்: போய் வாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த மாதத்தை நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்று வால்பாறையை அடுத்த சின்னக்கல்லாறு. யானையும் புலியும் பார்த்தே தீர வேண்டும் என்று வராதீர்கள், ஏமாற்றமாக இருக்கும். ஜூலையில் காடு வேறொரு கூட்டத்தின் கையில் இருக்கிறது. ராத்திரி விடுதித் திண்ணையில் உட்கார்ந்து விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். ஒவ்வொரு புதரிலும் ஒரு தவளை, ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல். உலகில் வேறெங்கும் இல்லாத எத்தனையோ தவளை இனங்கள் இந்த மலைத்தொடரில் மட்டும் வாழ்கின்றன. மழைதான் அவற்றுக்குக் கல்யாண சீசன்.

சிங்கவால் குரங்கு என்கிறோமே, அந்தச் சோலைமந்தியை மழையிலும் பார்க்கலாம். புதுத்தோட்டம் பக்கம் சாலையோர மரங்களில் கூட்டமாக இருக்கும். ரோமத்தில் சொட்டும் தண்ணீரை உதறிவிட்டுப் பலாக்காயைப் பிளக்கும். பிஸ்கட், வாழைப்பழம் எதுவும் கொடுக்காதீர்கள்; அந்தப் பழக்கத்தால் சாலைக்கு இறங்கி வண்டியில் அடிபட்டுச் சாகின்றன. இருவாட்சி கூடு கட்டுவதைப் பார்க்க ஜனவரி முதல் ஏப்ரல் வரை வர வேண்டும். பெட்டை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொண்டு உட்காரும், ஆண் பழம் கொண்டுவந்து ஊட்டும். அதை வேறொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அட்டைக்குப் பயப்படாதீர்கள். முழங்கால்வரை இழுத்துக் கட்டும் அட்டை உறை பொள்ளாச்சியில் கிடைக்கும். கடித்தால் பிடுங்காமல், நகத்தைத் தோலோடு ஒட்டி வைத்துத் தள்ளுங்கள், விட்டுவிடும். கொஞ்ச நேரம் ரத்தம் கசியும், அவ்வளவுதான். நான் பயப்படச் சொல்வது மண்சரிவுக்கு. வானிலை மையம் கனமழை எச்சரிக்கை விட்ட நாளில் ஆழியாறு தாண்டாதீர்கள். அறைக்குக் கட்டிய பணம் போகட்டும். இருட்டிய பிறகு தேயிலைத் தோட்டத்துக்குள் நடக்கவும் வேண்டாம், சிறுத்தை உலாவும் இடம்.

சென்னை வாசகர்: ஓய்வு பெற்ற ஆசிரியர் நான். மூட்டு வலி, அதிகம் நடக்க முடியாது. பறவை பார்க்க ஆசை. வேடந்தாங்கலுக்கு தீபாவளி லீவில் போகலாமா?

பதில்: தீபாவளிக்கு அவசரப்படாதீர்கள் ஐயா. ஏரி நிரம்பினால்தான் பறவை தங்கும், ஏரி நிரம்ப வடகிழக்கு மழை வேண்டும். பொங்கலை ஒட்டி ஜனவரியில் போனால் கூடுகளில் குஞ்சு இருக்கும். மதியம் மூன்று மணிக்கு மேல் போய்க் கரையில் உட்காருங்கள். நத்தைகுத்தி நாரையும் கரண்டிவாயனும் கூழைக்கடாவும் இரை தேடி முடித்துக் கூட்டம் கூட்டமாகத் திரும்பும் நேரம் அது. நடக்கவே வேண்டாம், பறவைகள் உங்களைத் தேடி வரும். அந்த வருஷம் மழை பொய்த்திருந்தால் மட்டும் போகாதீர்கள்.

ஜனவரியும் தவறிவிட்டதா? நெல்லைப் பக்கம் கூந்தன்குளம் இருக்கிறது. மணிமுத்தாறு கால்வாய்த் தண்ணீரில் நிரம்பும் குளம். அங்கே சீசன் பிந்தித்தான் தொடங்கும். மார்ச், ஏப்ரலில்கூடக் குஞ்சுகள் இருக்கும். மஞ்சள்மூக்கு நாரை தெருவோர மரங்களிலும் வீட்டுக் கொல்லையிலும் கூடு கட்டியிருக்கும். பறவை மிரளும் என்று ஊரார் பட்டாசு வெடிப்பதில்லை. எச்சமும் நாற்றமும் தாங்கிக்கொண்டு தலைமுறையாக அந்த ஊர் இதைச் செய்கிறது. அங்கே போனால் குரலைத் தாழ்த்திப் பேசுங்கள். ஊர்க் கடையில் ஒரு டீயாவது வாங்கிக் குடியுங்கள்.

பெங்களூரு வாசகர்: புலியைப் பார்த்தே ஆக வேண்டும். டிசம்பரில் கன்ஹா போகலாமா?

பதில்: போகலாம், ஆனால் விடியற்காலையில் திறந்த ஜீப்பில் குளிர் எலும்பைத் துளைக்கும், புல்லும் உயரமாக இருக்கும். மே மாதம் புலி தண்ணீரிலேயே படுத்திருக்கும், நீங்கள் 40 டிகிரிக்கு மேல் வெயிலைத் தாங்க வேண்டும். மார்ச் கடைசி நடுவாந்தரமான காலம். ஜூலை முதல் செப்டம்பர் வரை மத்தியப் பிரதேசத்தின் புலிக் காப்பகங்களில் உட்பகுதியைத் திறக்க மாட்டார்கள்.

சேலம் வாசகர்: ரிஷிகேஷில் ஆகஸ்ட் 15 லீவில் படகுச் சாகசம் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. மழைக்காலத்தில் கங்கை பெருகி ஓடும், ராஃப்டிங்கை நிறுத்திவிடுவார்கள். அக்டோபருக்கு மாற்றுங்கள். ஆகஸ்டில்தான் வேண்டும் என்றால் குடகில் பாரபொளே ஆறு இருக்கிறது. அது மழை பெய்தால்தான் படகு விடும் ஆறு.

திண்டுக்கல் வாசகி: பிப்ரவரி கடைசியில் மூணாறில் அறை போட்டுவிட்டோம். இப்போது பார்த்தால் இரவிகுளம் மூடியிருக்கும் என்கிறார்கள். நாலு வயது மகனுக்கு வரையாடு காட்டுவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன்.

பதில்: வரையாடு குட்டி போடும் காலம் அம்மா, அதனால்தான் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மூடுகிறார்கள். பிறந்த சில நாட்களிலேயே குட்டி பாறையில் தாயோடு ஏறப் பழக வேண்டும். அந்த நேரத்தில் ஆள் கூட்டம் வந்தால் தாய் மிரண்டு ஓடும், குட்டி பின்தங்கும். விடுதிக்காரரிடம் பேசித் தேதியை ஏப்ரலுக்குத் தள்ளிப் பாருங்கள். பூங்கா திறந்திருக்கும், மகன் குட்டிகளையும் சேர்த்தே பார்ப்பான். தேதி மாற்ற முடியாவிட்டால் மூணாறை விட்டுவிட்டு ஆழியாறு – வால்பாறை மலைப்பாதைக்கு வாருங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் வரையாடு சாலையோரத் தடுப்புச் சுவரிலேயே நிற்கும். வண்டியை விட்டு இறங்காமல் கண்ணாடி வழியாகக் காட்டுங்கள், தின்ன எதுவும் போடாதீர்கள்.

அதே இரவிகுளத்தில் 2018இல் நீலக்குறிஞ்சி பூத்தது. அடுத்த பூப்பு 2030, ஆகஸ்ட் முதல் அக்டோபருக்குள். அதற்கு அறை கிடைப்பது பெரும்பாடாக இருக்கும், முந்திப் போட்டுவையுங்கள்.